தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள்

எங்கள் சொந்தத்தில் யாருக்காவது டாக்டர் ஸ்கேன் எழுதிக்கொடுத்துவிட்டால் முதல் போன் எனக்குத்தான் வரும். நான் டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. பெங்களூர் பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியில் சால்டரிங் வேலை பார்த்தவள். ஆனாலும் கேட்பார்கள். காலையில் டீ குடிக்கலாமா, சுகர் மாத்திரை போடலாமா, புடவை கட்டட்டுமா சுடிதார் போடட்டுமா, வலிக்குமா, கரன்ட் அடிக்குமா என்று வரிசையாகக் கேட்பார்கள். டாக்டரிடம் வாயைத் திறக்காதவர்களுக்கு என்னிடம் மட்டும் எங்கிருந்துதான் பேச்சு வருமோ தெரியாது.

நானும் சலித்துக்கொண்டே சொல்வேன். முதலில் எந்த இடத்தில் ஸ்கேன் என்று கேட்பேன். மேல்வயிறு என்றால் வெறும் வயிற்றோடு போக வேண்டும். இதில்தான் நம் ஆட்கள் டாக்டரை ஏமாற்றுவார்கள். வெறும் வயிறு என்றால் நம் அகராதியில் சோறு போடாத வயிறு. என் சித்தப்பா ஒருவர் "ஒண்ணுமே சாப்பிடல சார்" என்று ஸ்கேன் டாக்டரிடம் சத்தியம் பண்ணினார். உள்ளே நாலு இட்லி இருந்தது. வெளியே வந்து நான் சத்தம் போட்டதற்கு, "அது டிபன் தானம்மா" என்றார், துளி வெட்கம் இல்லாமல். கன்னடக்காரர்களும் இதில் நமக்குச் சளைத்தவர்கள் இல்லை. ஊட்டா பண்ணாமல் வா என்று சொன்னால் திண்டி தின்றுவிட்டு வந்து நிற்பார்கள். அவர்களுக்கும் சாப்பாடு வேறு, பலகாரம் வேறு. பித்தப்பைக்கு இந்த வித்தியாசமெல்லாம் தெரியாது. பால் ஊற்றிய டீ ஒரு டம்ளர் உள்ளே போனாலே அது சுருங்கிக்கொள்ளும். சுருங்கின பைக்குள் கல் கிடக்கிறதா இல்லையா என்று எந்த டாக்டராலும் அடித்துச் சொல்ல முடியாது. அதனால் டீயும் கூடாது. சுகர்காரர்கள் மட்டும் மாத்திரையைப் பற்றி முதல் நாளே அவரவர் டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அடிவயிறு என்றால் கதையே வேறு. அதற்குத் தண்ணீர் குடிக்க வேண்டும். குடித்துவிட்டு ஒண்ணுக்குப் போகாமல் இருக்க வேண்டும். இதை நான் இரண்டு தரம், சத்தமாகச் சொல்வேன். பக்கத்தில் மாமனார் இருந்தாலும் சரி, மாப்பிள்ளை இருந்தாலும் சரி. முட்டிக்கொண்டு வரும், வந்தாலும் அடக்கிக்கொள் என்பேன். எதற்கு என்றும் சொல்வேன். ஸ்கேன் என்பது எக்ஸ்ரே இல்லை, சத்தம். நம் காதுக்குக் கேட்காத சத்தம் உள்ளே போய் இடித்துத் திரும்பி வருவதைத்தான் அந்த மிஷின் படமாகக் காட்டுகிறது. கர்ப்பப்பைக்கு முன்னால் குடல் கிடக்கிறது, குடலுக்குள் காற்று இருக்கிறது, காற்றைத் தாண்டி அந்தச் சத்தம் போகாது. மூத்திரப்பை நிறைந்தால் குடலை ஓரமாகத் தள்ளிவிட்டு ஜன்னல் மாதிரி வழிவிடும். இப்போது சில இடங்களில் உள்ளே கருவியை வைத்துப் பார்க்கிறார்கள். அதற்கு நேர்மாறாகப் போய்விட்டு வர வேண்டும். எது என்று முன்கூட்டியே கேட்டுவிடு, கூட ஒரு பெண் இருக்க வேண்டும் என்றும் கேட்டுவிடு, கேட்பதில் கௌரவம் ஒன்றும் குறைந்துவிடாது என்பேன்.

எனக்கு இதையெல்லாம் அன்று யாரும் சொல்லவில்லை.

நான் பிறந்து வளர்ந்தது கோலார் தங்கவயலில். அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்தவர். அங்கே கடையிலும் தெருவிலும் பள்ளிக்கூட மைதானத்திலும் தமிழ்தான். கன்னடம் ஒரு பாடம். பரீட்சை முடிந்ததும் மூட்டை கட்டி வைத்துவிடுவோம். கல்யாணமாகி பெங்களூரில் ஆஸ்டின் டவுனுக்குக் குடிவந்த பிறகுதான் கன்னடம் எனக்கு நாக்கில் ஏறியது. கணவருக்கு ஊர் வாணியம்பாடிப் பக்கம். அவரும் பொம்மசந்திராவில்தான் வேலை, வேறு கம்பெனி. வந்த புதிதில் பஸ் கண்டக்டர் "பன்னி, பன்னி" என்று கூப்பிட்டதற்குச் சட்டையைப் பிடிக்கப் போன மனிதர். வாங்க என்று மரியாதையாகக் கூப்பிடுகிறார்கள் என்று நான்தான் புரியவைத்தேன். அதைச் சொல்லிச் சொல்லி வருஷக்கணக்கில் கேலி பண்ணியிருக்கிறேன். எனக்கு இரண்டு பாஷையும் தண்ணீர் பட்ட பாடு என்ற நினைப்பு.

முதல் பிள்ளை எனக்குத் தங்கவில்லை. மூன்றாம் மாதம் போய்விட்டது. போன பிறகு நர்சிங்ஹோமில் கிளீன் பண்ணினார்கள். அந்த வார்த்தையை இன்றுவரை என்னால் சாதாரணமாகக் கேட்க முடிவதில்லை. யாராவது வீட்டை கிளீன் பண்ணினேன் என்றால்கூட பேச்சை மாற்றிவிடுவேன். அதற்கப்புறம் ஒரு வருஷத்துக்கு மேல் ஒன்றும் நிற்கவில்லை. தொண்ணூறுகள் முடியப்போகிற சமயம் மறுபடி தள்ளிப்போயிற்று. காட்டிக்கொண்டிருந்த லேடி டாக்டர் பரிசோதித்துவிட்டு, "போன தரம் அப்படி ஆனதால ஒரு ஸ்கேன் பார்த்துடலாம்" என்று எழுதிக்கொடுத்தார். குடும்பத்தில் கல்யாணம் என்று மறுநாளே அவர் வெளியூர் கிளம்பிவிட்டார்.

ஸ்கேன் சென்டர் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம்தான். மாடியில் இரண்டு அறை. முதல் நாள் சாயங்காலமே போய் விசாரித்தேன். கவுன்ட்டரில் இருந்தவர் ஆண். "காலையில தண்ணி குடிச்சிட்டு வாங்கம்மா, நாலஞ்சு கிளாஸ்" என்றார். அதற்கு மேல் ஏதோ சொல்ல வாயெடுத்தவர், என் பின்னால் நின்ற ஆட்களைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். ஒரு பெண்ணிடம் ஒண்ணுக்குப் போகாதீங்க என்று சொல்ல அவருக்குக் கூச்சம். தண்ணீர் எதற்கு என்று கேட்க எனக்குக் கூச்சம். இரண்டு கூச்சத்துக்கும் நடுவில் பாதி விஷயம் கீழே விழுந்துவிட்டது.

தண்ணீர் எதற்கு என்று நானே ஒரு காரணம் கண்டுபிடித்தேன். மிஷின் என்றால் சூடு. சூடு பிள்ளைக்கு ஆகாது. அதனால் உடம்பு குளிர்ச்சியாக இருக்கத் தண்ணீர் குடிக்கச் சொல்கிறார்கள். நம் வீடுகளில் வளர்ந்தவர்கள் யாரானாலும் இந்த முடிவுக்குத்தான் வந்திருப்பார்கள். நமக்குத் தலைவலி, கண் எரிச்சல், முகப்பரு எல்லாமே சூட்டினால்தான் வரும். ஆகவே நான் நாலைந்து கிளாஸோடு நிறுத்தாமல், பிள்ளைக்கு நல்லது என்று ஒரு சொம்புத் தண்ணீரைக் கூடுதலாகவே குடித்துவிட்டுப் போனேன்.

கணவருக்கு அன்று பகல் ஷிப்ட். தனியாகத்தான் போனேன். பெஞ்சில் இரண்டு வகை ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். பசியோடு வந்தவர்கள் ஒரு வகை. கவுன்ட்டர்காரரை முறைத்துக்கொண்டு, எவ்வளவு நேரம் எவ்வளவு நேரம் என்று பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். முட்டிக்கொண்டு இருந்தவர்கள் இன்னொரு வகை. அவர்கள் யாரோடும் பேசவில்லை. நான் இரண்டாவது வகை. ஆனால் அதுவும் பரிசோதனையில் ஒரு பகுதி என்று எனக்குத் தெரியாது. அடுத்தது நான்தான் என்று தெரிந்ததும் பாத்ரூமுக்குப் போனேன். போய்விட்டு, முகம் கைகால் கழுவி, புடவையைச் சரிபண்ணிக்கொண்டு வந்தேன். முன்பின் தெரியாத ஆம்பிளை டாக்டர் முன்னால் வயிற்றைக் காட்டிப் படுக்கப்போகிறோம். அதற்கு முன்னால் போய்ச் சுத்தமாகிக்கொண்டு வருவதுதானே மரியாதை. அம்மா எங்களை அப்படித்தான் வளர்த்திருந்தாள்.

உள்ளே இருட்டு, ஏசிக் குளிர். ஸ்கேன் டாக்டர் கன்னடக்காரர், நடுத்தர வயது, அதிகம் பேசாதவர். "நீரு குடித்ரா?" என்று கேட்டார். தண்ணீர் குடித்தீர்களா என்று. "குடிதே சார்" என்றேன். அது உண்மை. அவர் கேட்ட கேள்விக்கு அது சரியான பதில்தான். வயிற்றில் ஜெல்லைப் பிதுக்கினார், ஜில்லென்று தூக்கிவாரிப் போட்டது. கருவியை வைத்து இங்கும் அங்கும் நகர்த்தினார். அழுத்தினார். முகத்தைச் சுளித்தார். மறுபடி நகர்த்தினார். நான் திரையைப் பார்க்கவில்லை, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் சொன்னார். "காலி இதெ. மகு காண்த்தில்ல."

கன்னடத்தில் இதற்கு என்ன அர்த்தம் என்று இன்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். காலியாக இருக்கிறது, குழந்தை கண்ணுக்குப் படவில்லை. காலியாக இருந்தது மூத்திரப்பை. பிள்ளைக்கு நாளும் குறைவு, அதனால் படம் தெரியவில்லை. அவ்வளவுதான். ஆனால் அந்த மேஜையில் படுத்திருந்தபோது என் கன்னடமெல்லாம் எங்கோ ஓடிப்போய்விட்டது. பயம் வந்தால் மனுஷர்களுக்குத் தாய்மொழி மட்டும்தான் கேட்கும்போல. எனக்குத் தமிழில் கேட்டது. காலி என்றால் தீர்ந்தது. ஆள் காலி, கதை காலி என்கிறோமே, அந்தக் காலி. காண்த்தில்ல என்றது எனக்குக் காணலை என்று விழுந்தது. காணலை என்றால் காணோம். பர்ஸைக் காணோம், கோழியைக் காணோம், வீட்டை விட்டுப் போன பிள்ளையைக் காணோம். தமிழில் ஒன்று கண்ணுக்குப் படாவிட்டால் தெரியலை என்போம். அது பார்க்கிறவனின் குறை. காணோம் என்று சொன்னால் பொருளே போய்விட்டது. அவர் சொன்னது முன்னது. நான் கேட்டது பின்னது.

அதற்கப்புறமும் அவர் ஏதோ சொன்னார். வாய் அசைந்தது தெரிந்தது. நான் தலையாட்டினேன். நம் ஆட்கள் டாக்டர் முன்னால் ஆட்டுகிற அதே தலையாட்டல். புரிந்தாலும் ஆடும், புரியாவிட்டாலும் ஆடும். ஜெல்லைத் துடைக்கத் துணி கொடுத்தார்கள். துடைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

கணவர் ஷிப்ட் முடிந்து வந்தார். நான் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தேன். "இன்னா சொன்னாங்க?" என்று வாசலில் நின்றே கேட்டார்.

"காணோமாம்."

அவர் லஞ்ச் பையைக் கீழே வைத்தார். அப்புறம் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "விடு. நீ நல்லா இருந்தா போதும்" என்றார். எழுந்துபோய் அடுப்பு பற்றவைத்து ரசம் வைத்தார். கடுகு தாளிக்கிற சத்தம் கேட்டது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. பிள்ளை போச்சு என்கிறேன், இந்த மனுஷனுக்குக் கடுகு தாளிக்க மனசு வருகிறதே என்று நினைத்தேன். போன தரமும் இப்படித்தான், விடு என்று ஒரு வார்த்தை. அன்றைக்கு அந்த ரசத்தை நான் தொடவே இல்லை.

மறுநாளும் அதற்கு மறுநாளும் நான் வேலைக்குப் போகவில்லை. ஆனேக்கல்லில் இருந்த நாத்தனார் செய்தி கேட்டு வந்தார். நல்ல மனுஷி. எனக்குத் தலை வாரிவிட்டு, சோறு பிசைந்து ஊட்டாத குறையாகச் சாப்பிட வைத்தார். ஆனால் அவருக்கு ஒரு பயம் பிடித்துக்கொண்டது. "உள்ளே தங்கிடுச்சுன்னா விஷமாயிடும்மா. எங்க தெருவுல ஒருத்திக்கு அப்படித்தான் ஆச்சு. லேடி டாக்டர் வர்ற வரைக்கும் காத்துகினு இருக்காத. போன தரம் போன எடத்துக்கே போயி கிளீன் பண்ணிகினு வந்துடலாம்" என்றார். என் கணவர் என்னைப் பார்த்தார். நான் சரி என்றேன். எனக்கு அப்போது எது சொன்னாலும் சரிதான். வரும் திங்கட்கிழமை போவது என்று முடிவாயிற்று.

இதில் ஒரு வேடிக்கை. எனக்கு வாந்தி நிற்கவே இல்லை. காலையில் பல் தேய்க்கும்போது குமட்டும், தாளிப்பு வாசனைக்குக் குமட்டும். துக்கத்தில் பித்தம் கிளம்பியிருக்கிறது என்று அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தேன். காரணம் கண்டுபிடிப்பதில் எனக்கு நிகர் நான்தான்.

ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கீழ்வீட்டில் இருந்த ஹவுஸ் ஓனர் ஆன்ட்டி வற்றல் கிளற வந்தார். மைசூர்ப் பக்கத்துக் கன்னடக்காரர். என்னிடம் பாதி கன்னடம் பாதி தமிழ், நான் பாதி தமிழ் பாதி கன்னடம், இப்படித்தான் எங்கள் பேச்சு ஓடும். முகத்தைப் பார்த்துவிட்டு என்ன என்று கேட்டார். சொன்னேன். சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. அவர் என் தோளைப் பிடித்து, வற்றல் காய்ந்த ஜமுக்காளத்தின் ஓரத்தில் உட்காரவைத்தார். "டாக்டர் சொன்னதை அப்படியே சொல்லு, அவர் சொன்ன பாஷையிலயே சொல்லு" என்றார்.

"காலி இதெ, மகு காண்த்தில்ல அந்த்ரு ஆன்ட்டி." அப்படிச் சொன்னார் என்றேன்.

ஆன்ட்டி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "காண்த்தில்ல அந்த்ரெ இல்ல அந்த அல்லம்மா" என்றார். காணவில்லை என்றால் இல்லை என்று அர்த்தம் இல்லையம்மா. எனக்கு ஏறவில்லை. அவர் தலைக்கு மேல் ஏற்றி வைத்திருந்த மூக்குக் கண்ணாடியைக் கழற்றி என் மடியில் போட்டார். "இது இல்லாம பேப்பர் எடுத்தா எனக்கு எழுத்து காண்த்தில்ல. எழுத்து எங்க போச்சு? அங்கயே தானே இருக்கு?" என்றார். அப்புறம் சரசரவென்று கேள்வி கேட்டார். தண்ணி குடிச்சியா? குடித்தேன். குடிச்சிட்டு ஒண்ணுக்குப் போனியா? நான் தலையைக் குனிந்துகொண்டேன். போனியா இல்லையா? போனேன். ஆன்ட்டி நெற்றியில் அடித்துக்கொண்டார். அவருடைய மகளுக்கு இதே ஸ்கேன் எடுத்தபோது அடக்க முடியாமல் அவள் அழுதாளாம், அவர் கூட இருந்து கையைப் பிடித்துக்கொண்டாராம்.

"ஆமேலே ஏன் அந்த்ரு?" அதற்குப் பிறகு என்ன சொன்னார் என்று கேட்டார்.

ஒன்றும் காதில் விழவில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் வாயிலிருந்து டாக்டர் சொன்னது அப்படியே வந்தது. காது வாங்கி எங்கேயோ வைத்திருக்கிறது, எனக்குத்தான் கொடுக்கவில்லை. "ஹத்து தின பிட்டு, நீரு குட்கொண்டு பன்னி." பத்து நாள் கழித்து, தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள்.

"இல்லாத பிள்ளையைப் பாக்க யாராவது பத்து நாள் கழிச்சு வா அந்தாரா?" என்றார் ஆன்ட்டி.

நான் ஈரத்துணியைக் கையில் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன். மறுநாள் திங்கட்கிழமை. மறுநாள் நான் நர்சிங்ஹோமில் போய்ப் படுத்திருக்க வேண்டியவள். அதற்காக ஆன்ட்டி வாக்குக் கொடுத்துவிடவில்லை. "இருக்குன்னு நான் சொல்லல. இல்லைன்னு அவரு சொல்லல, அவ்வளவுதான்" என்றார். அந்த நேர்மைதான் என்னை நிமிர்த்திவிட்டது. இருக்கிறது என்று அவர் ஆறுதல் சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

கிளீன் பண்ணப் போகவில்லை என்று அன்று சாயங்காலம் கணவரிடம் சொன்னேன். காரணத்தையும் சொன்னேன். அவர் முழுக்கக் கேட்டார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "சரி, பாக்கலாம்" என்றார். "எதுக்கும் மனசைத் தேத்தி வெச்சிக்கோ" என்று ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டார். எனக்கு மறுபடி பற்றிக்கொண்டு வந்தது. கொஞ்சம் சந்தோஷப்பட்டால் என்ன கெட்டுப்போகும்? பிள்ளை எனக்கு மட்டும்தானா? மீதி இருந்த நாளெல்லாம் நான் அவரோடு சரியாகப் பேசவில்லை.

சொன்ன நாள் வந்தது. இந்தத் தரம் அவர் லீவு போட்டுக்கொண்டு கூட வந்தார். ஒரு நாள் இல்லை, நாலு நாள் லீவு. எதற்கு என்று கேட்டேன். "முடிஞ்சதும் எங்க அம்மா வூட்டுக்குப் போலாம். நாலு நாள் இருந்துட்டு வந்தா உனக்கு மனசு ஆறும்" என்றார். கெட்ட செய்திக்கு மூட்டை கட்டிக்கொண்டு வந்திருக்கிறார் மனுஷன். நான் தண்ணீர் பாட்டிலைத் திறந்தேன்.

பெஞ்சில் என் முறைக்காகக் காத்திருந்த நேரத்தை யாருக்கும் என்னால் சொல்லி விளங்கவைக்க முடியாது. ஸ்கேன் எடுக்கப்போகிற பெண்களுக்கு ஒன்று மட்டும் சொல்வேன்: பாவாடை நாடாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு போகாதீர்கள். முட்டிக்கொண்டு வந்தது. கால் மேல் கால் போட்டேன், எடுத்தேன், பெஞ்சின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன். யாரோ இருமினால்கூட எனக்குப் பயமாக இருந்தது. அவர் என் நெற்றி வியர்வையைத் துடைக்கக் கைக்குட்டையை நீட்டினார். "சிரிக்க வெச்சிடாதீங்க, அவ்ளோதான்" என்றேன். அந்த நாட்களில் அவரிடம் நான் நல்லபடியாகப் பேசிய ஒரே வார்த்தை அதுதான். அவர் சிரிக்கவில்லை.

கூப்பிட்டார்கள். படுத்தேன். அதே டாக்டர், அதே ஜில்லென்ற ஜெல். கருவியை வைத்து அழுத்தினார். நிறைந்த பையின் மேல் அழுத்தினால் எப்படி இருக்கும் என்று பட்டவர்களுக்குத் தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டேன். "குட்" என்றார். என் வாழ்க்கையில் மூத்திரத்தை அடக்கியதற்குப் பாராட்டு வாங்கியது அப்போதுதான். நகர்த்திக்கொண்டே வந்த கை ஓர் இடத்தில் நின்றது. நின்றே இருந்தது.

"நோடி இல்லி" என்று திரையை என் பக்கம் திருப்பினார். இங்கே பாருங்கள். கறுப்பும் சாம்பலுமாக என்னவோ இருந்தது. நடுவில் அவரைக்கொட்டை அளவுக்கு ஒன்று. அதற்குள் ஒரு புள்ளி மினுக் மினுக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. "ஹார்ட்டு" என்றார்.

எனக்கு என் காது மேல் இருந்த நம்பிக்கை போய்விட்டிருந்தது. "சார், ஒரு வாட்டி தமிழ்ல சொல்லுங்க சார்" என்றேன்.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பேசாத மனிதர் வார்த்தையைத் தேடித் தேடிச் சொன்னார். "கொழந்தெ இர்க்குமா. நல்லா இர்க்கு. உசுரா இர்க்கு."

அழுகை வந்த அதே நொடியில் மற்றதும் வந்தது. இரண்டில் ஒன்றை மட்டும்தான் அடக்க முடியும் போல இருந்தது. எழுந்தேன், ஜெல்லைப் பாதி துடைத்தேன், நாடாவை எப்படிக் கட்டினேன் என்று தெரியவில்லை. முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு கதவைத் தள்ளினேன். கணவர் பெஞ்சிலிருந்து எழுந்து நின்றார். நான் நிற்கவில்லை. நின்றால் அங்கேயே ஆகிவிடும். அவர் முகத்தைப் பார்க்காமல், ஒரு வார்த்தை சொல்லாமல், அழுதுகொண்டே அவரைத் தாண்டி பாத்ரூமுக்கு ஓடினேன்.

திரும்பி வந்தபோது பெஞ்சில் அவர் இல்லை. பசியோடு உட்கார்ந்திருந்த ஒரு பெரியம்மா, படிக்கட்டுப் பக்கம் கையைக் காட்டினார். செருப்பு விடுகிற இடத்தில், எல்லோருடைய செருப்புக்கும் நடுவில், சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில், முதல் பிள்ளை போனபோதுகூட, நான் அந்த மனிதர் அழுது பார்த்ததில்லை. காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. "விடு..." என்று ஆரம்பித்தார். "நீ நல்லா..." அதற்கு மேல் வரவில்லை. விடு விடு என்று இத்தனை நாள் அவர் சொன்னதெல்லாம் என்னிடம் இல்லை, தன்னிடமேதான் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

"ஐயோ, கொழந்த நல்லா கீதுங்க!" என்றேன். "உசுரோட கீது. எனக்கு ஒண்ணுக்கு முட்டிகினு வந்துச்சு, அதான் ஓடினேன்!"

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கவுன்ட்டர்காரரும் சிரித்தார். என் கணவர் மட்டும் சிரிக்கவில்லை. "இன்னொரு வாட்டி சொல்லு" என்றார். சொன்னேன். "டாக்டர் எந்த பாஷையில சொன்னாரு?" என்று கேட்டார். தமிழில் சொன்னார் என்றேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் செருப்பைப் போட்டுக்கொள்ளக் குனிந்தேன். அவர் என் கையைத் தட்டிவிட்டு, என் செருப்பைத் தேடி எடுத்து, அத்தனை பேர் பார்க்க என் கால் பக்கம் உட்கார்ந்து மாட்டிவிட்டார்.

"நீ குனியாத" என்றார்.